கையேடா, நிரலுக்குள் குறிப்பா?

பாம்பனில் மீன் வியாபாரம் செய்யும் உறவினருக்காகப் பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு கணக்கு மென்பொருள் எழுதினேன். நிரலின் சிறு பகுதியான ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் டாக்ஸ்ட்ரிங், அதாவது நிரலுக்குள்ளேயே எழுதும் விளக்கக் குறிப்பு, உண்டு. ஸ்ஃபிங்ஸ் என்ற ஆவணக் கருவி அதிலிருந்தே அழகான பக்கங்களை உருவாக்கித் தந்தது. தனியாகக் கையேடு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

கணக்கு எழுதும் அக்கா முதல் நாளே கேட்டார்: "தம்பி, டீசல் காசு, ஐஸ் காசெல்லாம் எங்க போடணும்? பங்கு பிரிக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பதில் என் பக்கங்களில் இருந்தது, மூன்று ஃபங்ஷன்களில் சிதறி. படகு கரைக்கு வரும், எடை, ஏலம், செலவுக் கழிவு, மிச்சத்தில் பங்கு என்றுதான் அவர் வேலை நகரும். அந்த வரிசை அங்கே எங்கும் இல்லை. நிரலின் அமைப்பை அப்படியே ஆவணத்துக்கும் வைக்காதீர்கள் என்று, கட்டற்ற மென்பொருள்களை உருவாக்கும் க்னூ திட்டத்தின் நெறிமுறை எச்சரிப்பது இதைத்தான்.

சரி என்று கையேடு எழுத உட்கார்ந்தேன். முன்பணம் கழிப்பதை விளக்க மட்டும் முக்கால் பக்கம் பிடித்தது. கோளாறு திரையில் இருப்பது அப்போதுதான் புரிந்தது. இரண்டு பெட்டிகளை ஒன்றாக்கினேன், விளக்கம் இரண்டே வரியாகிவிட்டது. டாக்ஸ்ட்ரிங் எழுதியபோது இது கண்ணில் படவே இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு ஃபங்ஷனும் சரியாகத்தான் இருந்தது.

ஆனால் கையேடு பழசாகிவிடும். பைசாவை முழு ரூபாயாக்கும் முறையை ஒருநாள் நிரலில் மாற்றினேன், தாளில் மாற்றவில்லை. பங்கு வாங்க வந்தவரிடம் அக்கா தாளைக் காட்டிப் பேச, திரையில் வேறு தொகை. அந்தச் சங்கடத்துக்கு நான்தான் காரணம். நிரலுக்குள் இருக்கும் குறிப்பை அந்த இடத்திலேயே திருத்திவிடலாம். பைத்தானின் டாக்டெஸ்ட் என்ற சோதனைக் கருவி ஒருபடி மேலே போய், குறிப்பிலுள்ள உதாரணத்தை ஓட்டிப் பார்த்து, விடை மாறினால் காட்டிக் கொடுத்துவிடும்.

இன்னொரு புரோகிராமர் எடுத்தாளும் லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) என்றால், நிரலுக்குள் எழுதியதிலிருந்தே பக்கங்களை உருவாக்கும் ஜாவாடாக், டாக்ஸிஜன் போன்ற கருவிகளுக்கான குறிப்புகளே பெரும்பாலும் போதும். பயனர் நம் நிரலைத் திறந்தே பார்க்காதவர் என்றால் கையேடு இல்லாமல் முடியாது. நிரலையே மனிதர் படிக்கும் எழுத்தாக்க வேண்டும் என்று 1984இல் வாதிட்ட கணினி அறிஞர் டொனால்ட் நூத்கூட, தன் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளுக்குப் பயனர் கையேட்டைத் தனிப் புத்தகமாகத்தான் எழுதினார்.

இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, அக்காவும் நானும் உட்கார்ந்து கையேட்டைத் திரையோடு பக்கம் பக்கமாக ஒத்துப் பார்க்கிறோம். அவர் வாசிப்பார், நான் திருத்துவேன்.