பழைய டிபிஎஃப், எம்டிபி ஃபைல் திறக்க எது தேறும்? எக்செல், கால்க், ஆக்சஸ், எம்டிபி டூல்ஸ்

ஃபாக்ஸ்ப்ரோங்கற பழைய டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்ல ஓடுன பில்லிங் டேட்டாவ வெளிய எடுக்கணும்னா எல்லாரும் முதல்ல போறது எக்செல்தான், அதோட டேபிள் இருக்கற டிபிஎஃப் ஃபைல காட்டுனா திறந்துடும், அதுல ஒண்ணும் குறை இல்ல. ஆனா 2007 வெர்ஷன்லயே டிபிஎஃப்பா திரும்ப சேவ் பண்ற வசதிய தூக்கிட்டாங்க, அதனால பாக்க மட்டும்னா ஓகே, திருத்தி அதே ப்ரோக்ராமுக்கு திருப்பி குடுக்கணும்னா கைய விரிச்சிடும்.

என் ஓட்டு லிப்ரே ஆபீஸ் கால்க்குக்குத்தான். எக்செல் மாதிரி சாஃப்ட்வேர்தான், இலவசம், டிபிஎஃப்ப திறக்கும், டிபிஎஃப்பாவே சேவும் பண்ணும். திறக்கறப்பவே எந்த கேரக்டர் செட்னு (எழுத்து எந்த கோடுமுறைல சேமிச்சிருக்குன்னு) கேக்கும், பாக்காம ஓகே தட்டிட்டு அப்புறம் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வருதுன்னு பொலம்பக்கூடாது. (பாமினி மாதிரி பழைய ஃபாண்ட்ல தமிழ் அடிச்சிருந்தா எத குடுத்தாலும் தமிழா தெரியாது, தனியா யூனிகோடுக்கு மாத்தித்தான் ஆகணும்.) ஃபீல்டு பேரு 10 எழுத்துக்குள்ள இருக்கட்டும், டிபிஎஃப் அதுக்கு மேல தாங்காது. காப்பி பண்றப்ப கூடவே அதே பேர்ல எஃப்பிடி ஃபைல் இருந்தா அதையும் எடுங்க, மெமோ (நீளமான குறிப்பு) விவரம் எல்லாம் அதுலதான் இருக்கு. அப்புறம் ஃபாக்ஸ்ப்ரோல டெலிட் பண்ண ரெக்கார்டு உடனே போயிடாது, பேக் (PACK) கமாண்ட் குடுக்கற வரை குறி மட்டும் போட்டு ஃபைலுக்குள்ளயே கெடக்கும், அதனால மாத்தி முடிச்சதும் எண்ணிக்கை ஒத்துப்போகுதான்னு பாத்துக்கோங்க.

எம்டிபி, அதாவது மைக்ரோசாஃப்ட் ஆக்சஸோட பழைய டேட்டாபேஸ் ஃபைல், அதோட கதை வேற. ஆக்சஸ் 97ல செஞ்ச ஃபைல ஆக்சஸ் 2013ம் அதுக்கு பின்னாடி வந்ததும் திறக்கவே திறக்காது, 2007 இல்லன்னா 2010 இருக்கற சிஸ்டம் யார்கிட்டயாவது இருந்தா அதுல போட்டு புது ஃபார்மட்டுக்கு மாத்தி வாங்கணும். லினக்ஸ் தெரிஞ்ச ஆள் பக்கத்துல இருந்தா எம்டிபி டூல்ஸ் போதும், காசு கெடையாது, 97 ஃபைலையும் படிக்கும், ஒவ்வொரு டேபிளா சிஎஸ்வியா (கமா போட்டு பிரிச்ச டெக்ஸ்ட் ஃபைலா) தள்ளிடும். அந்த சிஎஸ்விய மட்டும் டபுள் கிளிக் பண்ணி எக்செல்ல திறந்துடாதீங்க, 044னு இருக்கற எஸ்டிடி கோடு 44 ஆயிடும், இம்போர்ட் வழியா போய் அந்த நெடுவரிசைய டெக்ஸ்ட்னு சொல்லி உள்ள எடுங்க. எம்டிபி டூல்ஸ்ல ஃபார்ம், ரிப்போர்ட் எதுவும் வராது, டேபிள் டேட்டாதான் கைக்கு வரும். ஃபார்மும் வேணும்னா அந்த பழைய ஆக்சஸ் வழிய விட்டா வேற ஆள் இல்ல.