மலையில் எழுத்து முகாமா, மதுரையில் லாட்ஜ் ரூமா?

சினிமாக் கதையின் ஒன்லைன் (கதைச் சுருக்கம்) ரெடி. உட்கார்ந்து ஸ்கிரிப்டை முடிக்க இடம்தான் வேண்டும். கொடைக்கானல் பக்கம் முகாமா, டவுன்ஹால் ரோட்டில் ரூமா?

செலவு
முகாம்: தங்கல், சாப்பாடு, பயிற்சி எல்லாம் ஒரே கட்டணம். பாதியில் கிளம்பினால் பணம் போச்சு. சொந்த வண்டி என்றால் இ-பாஸும் எடுக்கணும்.
லாட்ஜ்: நாள் வாடகை, இரண்டு பேர் பகிரலாம். சித்திரைத் திருவிழா சமயத்தில் மட்டும் நினைக்காதீர்கள்.

கருத்து
முகாம்: மற்றவர் கருத்துக்காகத்தான் காசு கொடுக்கிறீர்கள். முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேர் முன்னால் சீனை வாசியுங்கள். எந்த வசனத்தில் போனை எடுக்கிறார்களோ, அங்கே வெட்டணும். இன்டர்வெல் வரை ஓடிய கதை அடுத்த 10 சீனில் படுத்துவிடுவது புதியவர்களின் வழக்கமான கோளாறு. வில்லனுக்குத் திட்டமே இருக்காது, அதுதான் காரணம். வாசிக்கும் முன் சென்னையில் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் கதையைப் பதிந்துவிடுங்கள்.
லாட்ஜ்: கூட இருக்கும் நண்பர் 'மாஸ் மச்சான்' என்பார். அவ்வளவுதான்.

எழுதும் நேரம்
முகாம்: வகுப்பு, வாசிப்பு போக மிஞ்சுவது கொஞ்சம்தான்.
லாட்ஜ்: முழு நாளும் உங்களுக்கே, தூக்கமும் சேர்த்து. சீனுக்கு ஒரு அட்டை எழுதிச் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். ஓட்டை கண்ணில் படும்.

சீன் ஆர்டர் (சீன்களின் வரிசை) முடிந்து வசனம் மட்டும் பாக்கியா? லாட்ஜ் போதும். முதல் டிராஃப்ட் எங்கே இடிக்கிறது என்று பிடிபடவில்லையா? முகாம். வெறும் ஐடியா மட்டும் இருந்தால் இரண்டுமே தண்டச் செலவு. வீட்டிலேயே 2 பக்கச் சுருக்கம் எழுதுங்கள்.