உதடு குவித்து ஊதுவதா, முகத்துக்கு விசிறியா?

சிஓபிடி (மூச்சுக்குழாய் சுருங்கி அடைபடும் நாள்பட்ட நுரையீரல் நோய்) உள்ளவர்களுக்குப் படியேறினாலே மூச்சு வாங்கும். மருந்தில்லாத வழி இரண்டு.

ஒன்று, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் மெல்ல ஊதுவது. மூச்சு விடும்போது ஒட்டிக்கொள்ளும் சிறு மூச்சுக்குழாய்களை, குவித்த உதடு தடுப்பதால் உள்ளே உண்டாகும் எதிரழுத்தம் திறந்து வைக்கும். உள்ளே தேங்கிய காற்று வெளியேறும். ஆனால் திணறும் நேரத்தில் கற்றுக்கொள்ள முடியாது. சும்மா இருக்கும்போதே பழக வேண்டும்.

கையடக்க விசிறிக்கு அந்தச் சிரமமே இல்லை. சுமார் 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, மூக்கிலும் மேலுதட்டிலும் காற்றுப் படவிட்டால் போதும். ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாது. முகத்து நரம்பு உணரும் குளிர்ச்சி, திணறல் உணர்வைத் தணிக்கிறது, அவ்வளவுதான்.

படியேற முதலாவது, உட்கார்ந்து ஆசுவாசப்பட இரண்டாவது என்பேன். சேர்த்தும் செய்யலாம். திடீர்த் திணறல், நெஞ்சுவலி, உதடு நீலம் என்றால் இரண்டையும் நம்பி உட்காராமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.