12 வார்த்தை டைப் பண்ணேன், 1,84,000 ரூபாய் போச்சு: லினக்ஸ்ல வாலட் வெச்சிருக்கறவங்க கொஞ்சம் படிங்க

கோவத்துலதான் எழுதறேன், முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்குங்க. செவ்வாய்க்கிழமை ராத்திரி 1,84,000 ரூபாய் பெறுமான பிட்காயின் இருபது நிமிஷத்துல காலி. யாரும் சிஸ்டத்தை உடைச்சு உள்ள வரல. வாலட்டுங்கறது பிட்காயினைக் கையாள்ற ஆப், அதோட மாஸ்டர் சாவிதான் அந்த 12 வார்த்தை; அது யார் கைக்குப் போனாலும் காசு போச்சு. அந்த 12 வார்த்தையையும் என் கையாலயே டைப் பண்ணிக் கொடுத்திருக்கேன். வாங்கிக்கிட்டது ஒரு போலி வாலட். அது கிடைச்சது ஏதோ கண்ட வெப்சைட்டுல இல்லை, லினக்ஸ் போட்டா கூடவே வர்ற ஆப் கடையில.

டிஸ்ட்ரோ (லினக்ஸோட ஒரு வகை) பேரு, ஆப் கடை பேரு, வாலட் பேரு, சேலத்துல சிஸ்டம் ரெடி பண்ணிக் கொடுத்த சர்வீஸ் கடை பேரு எதையும் எழுதல. பேரைப் போட்டா பேச்சு முழுக்க அந்தப் பேரைச் சுத்தியே போயிடும்.

ஒரிஜினல் வாலட் ஏன் திறக்கலைங்கறதை முதல்ல சொல்லணும். திருட்டுக்குக் கதவு அங்கதான் திறந்துச்சு.

ஒரிஜினல் வாலட் கம்பெனி லினக்ஸுக்குக் கொடுக்கறது ஒரே ஒரு ஆப்இமேஜ் ஃபைல் (இன்ஸ்டால் பண்ணாமலே ஓடற ஆப் ஃபைல்), 140 எம்பிக்குப் பக்கம். டவுன்லோட் பண்ணி டபுள் கிளிக் பண்ணா ஒண்ணுமே நடக்காது. எரர் கூட வராது. டவுன்லோட் ஆன ஃபைலுக்கு ஓடற அனுமதி இருக்காது, அதுதான் காரணம். ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், 'புரோகிராமா ஓட விடு'ங்கற டிக். சரி, போட்டாச்சு. மறுபடி டபுள் கிளிக், மறுபடி அமைதி. டெர்மினல்ல ஓட்டினாத்தான் தெரியுது, லிப்ஃபியூஸ் 2-ங்கற லைப்ரரி இல்லையாம். ஆப்இமேஜ் தன்னைத்தானே ஒரு டிஸ்க் மாதிரி மவுன்ட் பண்ணிக்கிட்டு ஓடும், பழைய முறையில செஞ்ச ஃபைலுக்கு அந்தப் பழைய லைப்ரரி வேணும். புது டிஸ்ட்ரோக்கள்ல ஃபியூஸ் 3 மட்டும்தான் வருது. இங்க ஒரு குழி இருக்கு, விழுந்துடாதீங்க: 'ஃபியூஸ்'ங்கற பேர்லயே இருக்கற பேக்கேஜைப் போட்டா சில டிஸ்ட்ரோவுல அது ஃபியூஸ் 3-ஐத் தூக்கிடும், கூடவே டெஸ்க்டாப்போட பாகங்களும் போகும். போட வேண்டியது 'லிப்' முன்னாடி ஒட்டின பேக்கேஜ் மட்டும். அதுவும் சில புதுப் பதிப்புகள்ல 'டி64'ன்னு ஒரு வாலோட பேரு மாறிப் போச்சு, பழைய பேர்ல தேடினா கிடைக்காம போகலாம்.

அதையும் போட்டாச்சு. இப்ப மூணாவது பூட்டு. இந்த வாலட்டுங்கள்ல பாதி எலெக்ட்ரான்ல செஞ்சது, அதாவது உள்ளுக்குள்ள ஒரு குரோமியம் பிரவுசர். அந்த பிரவுசருக்கு சாண்ட்பாக்ஸ் (மத்ததைத் தொட விடாம அடைச்சு வெக்கிற வேலி) போட்டுக்க கெர்னல்கிட்ட, அதாவது லினக்ஸோட மையத்துகிட்ட, யூசர் நேம்ஸ்பேஸ்ங்கற வசதி வேணும். புது டிஸ்ட்ரோ சிலதுல பாதுகாப்புக்காக அதை ஆப்ஆர்மர்ங்கற காவல் அமைப்பு தடுத்து வெச்சிருக்கு. வாலட் திறக்கும்போதே 'சாண்ட்பாக்ஸ் ஹெல்பர் சரியில்ல'ன்னு சொல்லிட்டு செத்துப் போகுது. நெட்டுல தேடினா எல்லாரும் ஒரே பதில்: 'நோ-சாண்ட்பாக்ஸ்'னு பின்னாடி சேர்த்து ஓட்டு, ஓடும். ஓடும்தான். ஆனா காசு வெக்கிற ஆப்ல பிரவுசரோட பாதுகாப்புச் சுவரை நாமளே இடிச்சுட்டு ஓட்டறோம்னு யாரும் சொல்றதில்ல. அந்த ஒரு ஆப்இமேஜுக்கு மட்டும் ஆப்ஆர்மர் புரொஃபைல் (அனுமதி விதி) எழுதறதுதான் சரியான வழி. இல்லைன்னா டெப் பேக்கேஜா (சிஸ்டத்துல நேரா இன்ஸ்டால் ஆகற ஃபைலா) கொடுக்கற வேற வாலட்டுக்கு மாறிக்கணும். எட்டு மணிக்கு உக்காந்து பத்தரைக்கும் ஒரு ஜன்னல் கூட திறக்காதவனுக்கு இந்த ஞானம் எல்லாம் எங்க வரும்?

அப்பத்தான் அந்த சர்வீஸ் கடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்துச்சு. ஐந்து ரோடு பக்கம், 600 ரூபாய் வாங்கிக்கிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தவர். சிஸ்டத்தைக் கையில கொடுக்கும்போது, "சார், விண்டோஸ் மாதிரி கண்ட சைட்ல இறக்காதீங்க. எது வேணும்னாலும் இதுக்குள்ளயே தேடுங்க. செக் பண்ணித்தான் சார் விடுவாங்க"ன்னு ஆப் கடையைத் திறந்து காட்டினார். நம்பிட்டேன். அவரைக் குறை சொல்லி என்ன, லினக்ஸ் பழகறவங்க எல்லாருக்கும் சொல்ற முதல் பாடமே அதுதானே.

வாலட் பேரைத் தேடினேன். முதல் ரிசல்ட். அதே ஐகான், அதே பேரு, கீழ 'பாதுகாப்பானது'ன்னு பச்சையில ஒரு வரி. 'இன்ஸ்டால்' அமுக்கின அஞ்சாவது செகண்ட் திறந்துடுச்சு. ரெண்டரை மணி நேரம் ஒரிஜினலோட மல்லுக்கட்டினதுக்கு அப்புறம் அப்படித் திறந்தா எப்படி இருக்கும்! சந்தேகப்படத் தோணல, நிம்மதியாத்தான் இருந்துச்சு.

அந்த 'பாதுகாப்பானது'ங்கற வரிக்கு அர்த்தம் என்னன்னு இப்பத் தெரியுது. ஆப் சாண்ட்பாக்ஸுக்குள்ள அடைபட்டிருக்கு, உங்க மத்த ஃபைலைத் தொடாது, அவ்வளவுதான். செஞ்சவன் யாருங்கறதுக்கும் அந்த வரிக்கும் சம்பந்தமே இல்ல. போலி வாலட்டுக்கு உங்க ஃபைல் எதுக்கு? நெட் அனுமதி ஒண்ணு போதும், மிச்சத்தை நீங்களே டைப் பண்ணிக் கொடுக்கறீங்க.

பாக்காம விட்டது ரெண்டு. பப்ளிஷர் பேருல கம்பெனி பேருக்குப் பின்னாடி ஒரு எழுத்து அதிகம், சரிபார்த்ததுக்கான டிக் இல்ல. இன்னொண்ணு சைஸ். ஒரிஜினல் 140 எம்பி, இது 9. ஒரு முழு பிரவுசரை வயித்துல வெச்சிருக்கற ஆப் 9 எம்பியில அடங்காது. வெள்ளி வியாபாரம் நடக்கற சேலம் செவ்வாய்ப்பேட்டையில அரைக் கிலோ கட்டி வெள்ளியைக் கூட டச் (சுத்தம்) பாக்காம எவனும் கையில வாங்க மாட்டான். இங்க 1,84,000 ரூபாயை ஐகானைப் பாத்து ஒப்படைச்சிருக்கேன்.

திறந்ததும் ரெண்டு பட்டன். 'புதுசா உருவாக்கு' அமுக்கினா சும்மா சுத்திக்கிட்டே இருக்கு. 'மீட்டெடு' மட்டும் வேலை செய்யுது. ஃபோன்ல இருந்த வாலட்டைத்தான் டெஸ்க்டாப்புக்குக் கொண்டு வரப் பாத்தேன், அதனால நமக்கு வேண்டியதும் அதுதானேன்னு 12 வார்த்தையையும் போட்டேன். பேலன்ஸ் பூஜ்யம்னு காட்டுச்சு. சந்தேகம் வரணும்ல? வரல. ஏன்னா ஒரிஜினல் வாலட்டுங்களே இப்படிக் காட்டும். ஒரே 12 வார்த்தையில இருந்து 44, 49, 84-ன்னு ஆரம்பிக்கிற வேற வேற பாதையில வேற வேற முகவரி பொறக்கும். முதல் பாதையில முகவரி 1-ல ஆரம்பிக்கும், ரெண்டாவதுல 3, மூணாவதுல 'பிசி1'. பழைய வாலட் ஒரு பாதையிலயும் புது வாலட் வேற பாதையிலயும் தேடினா காசு பத்திரமா இருக்கும்போதே பூஜ்யம்னு வரும். எலெக்ட்ரம்ங்கற வாலட் இன்னும் ஒரு படி மேல: அதோட வார்த்தை முறையே தனி, மத்த வாலட்டோட 12 வார்த்தையைப் போடணும்னா ஆப்ஷன்ல போய் பிப்39-ன்னு (மத்த வாலட்டுங்களோட பொது வார்த்தை முறை) டிக் பண்ணணும், இல்லைன்னா ஏத்துக்காது. இதெல்லாம் கொஞ்சம் தெரிஞ்சிருந்ததுதான் வினை. 'பாதைதான் மாறியிருக்கும்'னு நானே அந்தப் போலிக்கு ஒரு சமாதானம் கண்டுபிடிச்சு, ரெண்டாவது தடவையும் 12 வார்த்தையைப் போட்டேன். தெரியாதவனா இருந்தா பயந்து அங்கயே நிறுத்தியிருப்பான்.

பதினொண்ணு அஞ்சுக்கு ஃபோன் வாலட்டுல நோட்டிஃபிகேஷன். முழுத் தொகையும் ஒரே முகவரிக்கு, மிச்சம் திரும்பி வர்ற முகவரியே இல்லாம, தாராளமான கட்டணத்தோட போயிருக்கு. 'உறுதியாகவில்லை'ன்னு காட்டுச்சு. பிட்காயின்ல ஒரு பிளாக் வர சராசரியா 10 நிமிஷம். அது வர்றதுக்குள்ள அதே காயினை இன்னும் அதிக கட்டணம் வெச்சு, வேற 12 வார்த்தையில பொறந்த முகவரிக்கு நாமளே அனுப்பினா நம்மது முந்திக்க வாய்ப்பு இருக்கு. அதுக்கு கட்டணத்தையும் காயினையும் நாமளே தேர்ந்தெடுக்க விடற வாலட் வேணும். ஃபோன்ல இருந்ததுல அது கிடையாது. அந்தப் பத்து நிமிஷமும் அது ஆப்போட கோளாறா இருக்கும்னு ரீஸ்டார்ட் பண்ணிக்கிட்டு இருந்தேன். 1,84,000 ரூபாய்.

மறுநாள் அந்தப் போலியை ஒண்ணும் இல்லாத வேற சிஸ்டத்துல போட்டுப் பாத்தேன். இந்த 12 வார்த்தையை எடுக்கற பொதுப் பட்டியல்ல மொத்தம் 2048 வார்த்தை, முதல் வார்த்தை 'அபேண்டன்'. அதையே 12 தடவை போட்டா ஒழுங்கான எந்த வாலட்டும் 'தப்பு'ன்னு சொல்லணும், ஏன்னா கடைசி வார்த்தைக்குள்ள 4 பிட் சரிபார்ப்பு ஒளிஞ்சிருக்கு. பதினொரு அபேண்டனுக்கு அப்புறம் 'அபவுட்' வந்தாத்தான் கணக்கு சரியாகும். இந்தப் போலி 12 அபேண்டனையும் வாங்கிக்கிட்டு, பேலன்ஸ் பூஜ்யம்னு காட்டுச்சு. இதை ஒரு சோதனையா வெச்சுக்கலாம், ஆனா ஒரு பக்கம்தான் செல்லும். ஏத்துக்கிட்டா அது கண்டிப்பா கோளாறு, மறுத்துட்டா நல்லதுன்னு அர்த்தம் இல்ல. கெட்டிக்காரத் திருடன் சரிபார்ப்பையும் சேர்த்து எழுதியிருப்பான்.

அடுத்து கைகழுவல் படலம். ஆப் கடைக்கு ரிப்போர்ட் போட்டா ஒரு ஆட்டோ ரிப்ளை. ரெண்டு நாள் கழிச்சு, "ஆப்புக்கு அதன் பப்ளிஷரே பொறுப்பு." ஆப்பைத் தூக்கினாங்க, அதோட அந்தப் பக்கத்துல இருந்த 'திருட்டு ஆப்'ங்கற ரிவ்யூக்களும் போயிடுச்சு. ஒரிஜினல் வாலட் கம்பெனி: "நாங்க அந்தக் கடையில எதையும் வெளியிடல, உங்க வார்த்தைகளை யாரிடமும் பகிர வேண்டாம்." ரொம்ப நன்றி. உங்க பேரும் ஐகானும் அங்க தொங்கறதை நீங்களாவது ஒரு தடவை தேடிப் பாத்திருக்கலாமே? பிட்காயின் வாங்கின எக்ஸ்சேஞ்ச்காரங்க, அவங்ககிட்ட இருந்து என் வாலட்டுக்குப் போன வரைக்கும்தான் அவங்க கணக்குன்னு டிக்கெட்டை மூடிட்டாங்க. ஐந்து ரோடு கடைக்காரர், "நான் ஓஎஸ் மட்டும்தானே சார் போட்டேன்"னு சொல்லிட்டு அடுத்த லேப்டாப்போட பின்மூடியைக் கழட்ட ஆரம்பிச்சுட்டார். ஒருத்தரும் பொய் சொல்லல. எல்லாரும் அவங்கவங்க பங்குல சரி, 1,84,000 ரூபாய் மட்டும் என் பங்கு.

இது புதுசும் இல்ல. 2018 மே மாசம் லினக்ஸ் ஆப் கடை ஒண்ணுல ஒரு 2048 விளையாட்டுக்குள்ள காயின் மைனர் (நம்ம சிஸ்டத்தை வெச்சு வேற யாருக்கோ காயின் சம்பாதிக்கிற புரோகிராம்) இருந்ததைக் கண்டுபிடிச்சாங்க. அதே வருஷம் டிசம்பர்ல எலெக்ட்ரம் வெச்சிருந்தவங்களுக்கு, அனுப்பு பட்டனை அமுக்கினா சர்வர்ல இருந்து வர்ற எரர் மெசேஜுக்குள்ளயே போலி அப்டேட் லிங்க் வந்துச்சு, 3.3.4-க்கு முந்தின பதிப்பை இன்னும் வெச்சிருந்தா அதைத் திறக்கவே திறக்காதீங்க. 2024 பிப்ரவரியில ஒருத்தர் இதே மாதிரி லினக்ஸ் ஆப் கடைப் போலியில 9 பிட்காயினுக்கு மேல இழந்தார். இதெல்லாம் போன பிறகுதான் படிச்சேன்.

என்ன செய்யணும்னு விலாவாரியா எழுதத்தான் உக்காந்தேன், கை நடுங்குது, சுருக்கமா சொல்றேன். வாலட்டை ஆப் கடையில தேடாதீங்க. கம்பெனி சைட்டுக்குப் போங்க, சர்ச்ல வர்ற விளம்பரத்துல இருந்து போகாதீங்க. டவுன்லோட் ஃபைலோட கூட இருக்கற கையெழுத்து ஃபைலையும் இறக்கி ஜிபிஜிங்கற புரோகிராம்ல சரிபாருங்க, கம்பெனி சாவியோட கைரேகையை (அந்தச் சாவியை அடையாளம் காட்டற நீள எண்) வேற ஒரு இடத்துல இருந்து ஒப்பிட்டுப் பாருங்க. 'குட் சிக்னேச்சர்'னு சொல்லிட்டு அடுத்த வரியிலயே 'இந்தச் சாவி நம்பகமானதா சான்றளிக்கப்படல'ன்னு மிரட்டும். நீங்க அந்தச் சாவிக்குக் கையெழுத்துப் போடலைங்கறதுதான் அதுக்கு அர்த்தம், கைரேகை ஒத்துப் போனா போதும். ஹேஷ் (ஃபைலோட சுருக்க எண்) மட்டும் பாத்தா பத்தாது, போலி சைட்டுல ஹேஷும் போலிதான்.

பெரிய தொகைன்னா ஹார்டுவேர் வாலட் (சாவியைத் தனக்குள்ளயே வெச்சுக்கற சின்னக் கருவி), வார்த்தைகளைக் கீபோர்டுல தட்டவே கூடாது. லினக்ஸ்ல அது தெரியலைன்னா யூடெவ் ரூல்ஸ் ஃபைலை (கருவியைத் தொட அனுமதி கொடுக்கற ஃபைல்) போட்டு, ரூல்ஸை ரீலோட் பண்ணி, கேபிளைக் கழட்டி மாட்டுங்க. சூடோ போட்டு வாலட்டை ரூட்டா (முழு அதிகாரத்தோட) ஓட்டாதீங்க.

போச்சுன்னா உடனே 1930 (சைபர் மோசடி உதவி எண்), அப்புறம் தேசிய சைபர் கிரைம் போர்ட்டல். டிரான்ஸாக்‌ஷன் ஐடியையும் திருடன் முகவரியையும் ஸ்கிரீன்ஷாட்டா இல்லாம எழுத்தா காப்பி பண்ணி வெச்சுக்குங்க. டெலிகிராம்ல "மீட்டுத் தர்றோம், 10 சதவீதம் முன்பணம்"னு வர்றவனும் அதே கூட்டம்தான். எனக்கு இதுவரைக்கும் மூணு பேர் வந்தாச்சு, ஒருத்தன் 'ப்ரோ'ன்னுதான் ஆரம்பிச்சான்.

இன்னிக்குக் காலையில அதே ஆப் கடையில மறுபடி தேடினேன். அதே ஐகான், பேருக்குப் பின்னாடி 'டெஸ்க்டாப்'னு ஒரு வால், 9 எம்பி, பச்சையில 'பாதுகாப்பானது'. ரிப்போர்ட் போட்டேன். அதே ஆட்டோ ரிப்ளை வந்துச்சு.