படைப்பாற்றல் நோட்டு வாங்குமுன்: எந்தத் துறைக்கு எந்தத் தாள்?

பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பக்கம் எழுதுபொருள் வாங்கப் போனாலும் சரி, இணையத்தில் தேடினாலும் சரி, ‘படைப்பாற்றல் நோட்டு’ என்ற ஒரு வகை கண்ணில் படாமல் இருக்காது. ஏ5 அளவு, புள்ளித் தாள், கெட்டி அட்டை, அடையாள நாடா. உள்ளே மாற்றி மாற்றி நான்கு தலைப்புகள் அச்சாகியிருக்கும்: தயாரிப்பு, ஊறப்போடுதல், பொறி, சரிபார்ப்பு. 1926இல் ஆங்கிலேய சமூக உளவியலாளர் கிரஹாம் வாலஸ் வகுத்த நான்கு கட்டங்கள்தாம் அவை. வேதியியல் மாணவர், கட்டடக்கலை மாணவர், கவிஞர், எல்லாருக்கும் இது ஒன்றே போதும் என்கிறது உறை.

போதாது. கட்டங்கள் பொதுவாக இருக்கலாம். ஆனால் தப்பிப்போன முயற்சியை என்ன செய்வது என்பதில் ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு வழி. தாளைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அதை வைத்துத்தான்.

ஆய்வுக்கூடத்தில் தப்பை அழிக்கவே கூடாது. சொதப்பிய சோதனையில்தான் அடுத்த யோசனை ஒளிந்திருக்கும். ஆகவே தையல் பைண்டிங்கும் அச்சிட்ட பக்க எண்ணும் உள்ள நோட்டு வேண்டும்; சுருள்கம்பி நோட்டு வேண்டாம். தப்பை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போடுங்கள். மீதமுள்ள வெற்றிடத்துக்குக் குறுக்குக்கோடு. மைக்கேல் ஃபாரடே தம் ஆய்வுக் குறிப்புகளைப் பத்தி பத்தியாக எண்ணிட்டுக்கொண்டே போனார். எண் 16,000ஐத் தாண்டியது. எண் இருந்தால்தான் பழைய பத்தியைச் சுட்ட முடியும்.

தானாகப் படியெடுக்கும் ‘கார்பன்லெஸ்’ நோட்டு நல்ல பொருள், ஆனால் இரண்டு தொல்லை. படித்தாளுக்கு அடியில் தடுப்பு அட்டையைச் செருக மறந்தால் எழுத்து அடுத்தடுத்த தாள்களிலும் பதிந்துவிடும். இன்னொன்று பேனா. ஜெல் பேனா அழுத்தமின்றி ஓடுவதால் படி தெளிவாக விழாது. அழுத்தி எழுதுகிற சாதாரண பால்பாயிண்டின் மையோ எத்தனால், அசிட்டோன் ஒரு சொட்டுப் பட்டாலே கலைந்து ஓடும். ஐஎஸ்ஓ 12757-2 தரக்குறி உள்ள கறுப்பு ரீஃபில் வாங்கினால் படியும் விழும், எத்தனாலுக்கும் தாங்கும். அசிட்டோனுக்கு மட்டும் வாங்கிய ரீஃபிலை ஒரு மூலையில் எழுதிச் சொட்டுவிட்டுப் பாருங்கள். அழித்தெழுதும் ஃபிரிக்ஷன் பேனாவை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோகவே வேண்டாம்: 60 டிகிரி செல்சியசில் மை மறைந்துவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் நோட்டை வைத்தாலும் அதே கதி. கருவி கக்கும் வெப்பத்தாள் அச்சும் நாளடைவில் வெளிறும். நகலெடுத்துத்தான் ஒட்ட வேண்டும்.

கட்டடக்கலைக்கு நோட்டே தேவையில்லை, 12 அங்குல அகலத்தில் மெல்லிய டிரேசிங் தாள் சுருள் ஒன்று போதும். முதல் வரைபடத்தின்மேல் புதுத் தாளை விரித்து, வைத்துக்கொள்ள வேண்டியது எதுவோ அதை மட்டும் மேலே வரைகிறார்கள். விட்டது கீழேயே தங்கிவிடும், வேண்டுமானால் திரும்ப எடுக்கலாம். மூன்று தாளுக்குமேல் அடுக்கினால் அடியில் உள்ளது தெரியாது. தொடக்கத்தில் தடித்த ஃபெல்ட் பேனாவோ 6பி பென்சிலோ பிடியுங்கள். மெல்லிய முனை கையில் இருந்தால் சுவர் எங்கே என்று முடிவாகுமுன் கதவுக் கைப்பிடியை வரைய ஆரம்பித்துவிடுவோம்.

சிங்கப்பூர் ஈரப்பதத்தில் இந்தத் தாள் உப்பும், ஏர்கோன் அறைக்குள் போனதும் சுருங்கும். நேற்றுப் பொருந்திய இரண்டு தாள் இன்று பொருந்தாததற்குக் காரணம் இதுதான். எதிரெதிர் மூலைகளில் கூட்டல் குறி, ஓரத்தில் அளவுகோல் பட்டை, வரிசை எண்: மூன்றும் ஒவ்வொரு தாளிலும் இருக்கட்டும். ஒட்டுவதற்கு மாஸ்கிங் டேப். செல்லோடேப் உரிக்கும்போது தாளையும் கிழித்துக்கொண்டு வரும்.

வரலாறு, சமூகவியல் படிப்பவர்களுக்கு 3×5 அங்குல அட்டை. இங்கே தப்பு பெரும்பாலும் வரிசையில் இருக்கும், அதனால் கலைத்து அடுக்க முடிய வேண்டும். சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் சுமார் 90,000 குறிப்புத் தாள்கள் சேர்த்தார், அதுவும் இடம் அடைக்காத சாதாரணத் தாளில். ஓர் அட்டைக்கு ஒரே செய்தி, ஒரு பக்கம் மட்டும். 1887இல் தொடங்கிய ‘சிங்கை நேசன்’, 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ போன்ற சிங்கப்பூர்த் தமிழ் இதழ்களில் குறிப்பெடுக்கும்போது மேல் மூலையில் இதழ், தேதி, பக்கம், பத்தி. ஊர்ப்பெயரை அக்காலத்தில் எப்படி எழுதினார்களோ அப்படியே. அப்படியே எடுத்த வரிக்கு மேற்கோள் குறி அங்கேயே போடாவிட்டால், மாதங்கள் கழித்து அது உங்கள் சொந்த வாக்கியம்போலத் தெரியும். அறியாமல் நடக்கும் இலக்கியத் திருட்டு பெரும்பாலும் அந்த அட்டையில்தான் தொடங்குகிறது. எழுத எச்பி பென்சில் போதும். 4பி அட்டைக்கு அட்டை கரியைப் பூசும். பெட்டிக்குள் இராமபாணப் பூச்சி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணிதத்துக்கு 80 ஜிஎஸ்எம் ஏ4 நகல் தாள் ஒரு கட்டு. கிறுக்குங்கள், எறியுங்கள், எந்த வழி ஏன் அடைபட்டது என்று மட்டும் நாள் முடிவில் ஒரு நோட்டில் இரண்டு வரி.

வெண்பா எழுதுபவர்களுக்குச் சதுரக்கட்ட நோட்டு. ஓவியப் பொருள் அடுக்கில் இருக்காது, பள்ளி நோட்டு அடுக்கில் பாருங்கள். கோடுகள்மேலேயே நான்கு பத்தி, நான்கு வரிசை இழுத்து, ஈற்றடியை மூன்று அறையோடு நிறுத்துங்கள். அறைக்கு ஒரு சீர், அதன் கீழே அசை அமைப்பைக் காட்டும் வாய்பாடு (தேமா, கருவிளம் போல). வாய்பாடு மாவில் முடிந்தால் அடுத்த அறை நிரையசையில் தொடங்க வேண்டும், விளத்திலோ காயிலோ முடிந்தால் அடுத்தது நேரசையில். காயை அடுத்து நிரை வந்தால் கலித்தளை, வெண்பாவுக்கு ஆகாது. செவி ஏமாந்தாலும் கட்டம் காட்டிக்கொடுத்துவிடும். கடைசி அறையில் நாள், மலர், காசு, பிறப்பு தவிர வேறெதுவும் உட்கார முடியாது. இந்த வேலையைப் புள்ளித் தாளிலும் செய்யலாம், கண் வலிக்கும்.

படைப்பாற்றல் நோட்டு யாருக்குப் பொருந்தும்? தொடக்கக் கல்லூரியில் புரொஜெக்ட் ஒர்க் செய்யும் குழு கூட்டக் குறிப்பு எழுத வைத்துக்கொள்ளலாம். ஆனால் ‘பொறி’ பக்கம் நோட்டுக்கு நடுவில் இருப்பது வீண். கணித மேதை புவான்காரேக்கு ஒரு பெரிய யோசனை வண்டிப் படியில் காலை வைத்தபோது தோன்றியது. சட்டைப்பைக்குள் அடங்கும் துண்டு நோட்டுத்தான் அதற்கு வேண்டும்.

நீர்வண்ணத் தாளும் சேர்த்து வாங்குவதாக இருந்தால் 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாளைச் சிறு கட்டாக வாங்கி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு மூடிய பெட்டியில் வையுங்கள். ஈரம் ஏறி மேற்பூச்சுப் பசை கெட்டுவிட்டால் வண்ணம் ஆங்காங்கே திட்டுத் திட்டாக உள்ளிழுக்கும், அந்தத் தாளை மீட்க வழியில்லை.