குழியில் 'எலும்புப் பவுடர்' வைத்தார்களாம்!

பல்லைப் பிடுங்கிவிட்டுப் பிறகு இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் திருகி வைக்கும் செயற்கைப் பல்வேர்) வைத்துக்கொள்ளலாம் என்றிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்குப் போனது 14,000 ரூபாய். பணத்தைக்கூட விடுங்கள், கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வராது.

ரூட் கெனால் செய்து கேப் போட்டிருந்த கீழ்க் கடைவாய்ப்பல், வேர் வரை விரிசல் விட்டுவிட்டது. "எடுத்துடலாம் சார். குழியை அப்படியே விட்டா எலும்பு கரைஞ்சிடும், மாட்டெலும்புப் பவுடர் வச்சுத் தைச்சுடறேன்" என்றார் டாக்டர். அவர் சொன்ன விஷயம் சரிதான். பல் போனால் அதைத் தாங்கிய எலும்பு முதல் சில மாதங்களிலேயே மளமளவென்று கரையும். உயரத்தைவிட அகலம்தான் அதிகம் போகும், அதுவும் கன்னத்துப் பக்கச் சுவர். பவுடர் வைத்தாலும் கொஞ்சம் கரையத்தான் செய்யும், ஆனால் சேதாரம் குறையும்.

வாய் மரத்துப்போய்க் கண்ணை மூடிக் கிடந்தவனுக்கு உள்ளே என்ன போனது என்று எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் ஒரே ஒரு தையல், நடுவில் ரத்தத்தில் ஊறிய பஞ்சு மாதிரி ஏதோ. பவுடர் இப்படித்தான் இருக்கும்போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஏழாம் மாதம் வேறொரு டாக்டரிடம் சி.பி.சி.டி. ஸ்கேன், அதாவது தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே. திரையை என் பக்கம் திருப்பினார். "மாட்டெலும்புத் துகள் லேசுல கரையாதுங்க, வருஷக்கணக்கா வெள்ளை வெள்ளையாத் தெரியும். இங்க ஒண்ணையும் காணோமே!" எலும்பின் அகலம் மேலே 4 மி.மீ.தான். 4 மி.மீ. தடிமனுள்ள இம்ப்ளான்ட் என்றால் இரண்டு பக்கமும் குறைந்தது ஒவ்வொரு மில்லிமீட்டராவது எலும்பு வேண்டும். இனி ஈறைத் திறந்து எலும்பு வைத்து, அது இறுகும்வரை மறுபடி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அவர் சொல்லித்தான் தெரிந்தது: பவுடர் சீல் வைத்த குப்பியில் வரும். லாட் நம்பர் (எந்தத் தொகுதியில் தயாரானது என்ற எண்), காலாவதி தேதி எல்லாம் அதில் இருக்கும். உங்கள் கண்முன் உடைக்கச் சொல்லுங்கள், லேபிளை உங்கள் ஃபைலில் ஒட்டச் சொல்லுங்கள், தைத்த கையோடு ஒரு எக்ஸ்ரே கேளுங்கள். குழியில் சீழ் இருந்தால் "இன்னைக்கு வேண்டாம், ஆறட்டும்" என்று சில டாக்டர்கள் சொல்வார்கள். அதற்காக அவர்களைச் சந்தேகப்படாதீர்கள்.

பில்லை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்குப் போனேன். 'சாக்கெட் பேக்', அதாவது குழியை அடைத்தது, என்று மட்டும் எழுதியிருந்தது. "ரத்தம் நிக்க வைக்கிற ஸ்பாஞ்ச் வச்சாலும் அதுக்கு அதான் சார் பேரு" என்றாள் ரிசப்ஷன் பெண். பவுடர் வைத்ததாகச் சொன்னாரே, லேபிள் எங்கே என்று கேட்டேன்.

"அதெல்லாம் அன்னைக்கே குப்பைக்குப் போயிடும் சார்."