கணினித் துறைக்கு ஆசிரியர் தேடுகிறீர்களா? நாங்கள் 2,400 டாலர் பறிகொடுத்த கதையைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் போனது போகட்டும் என்று விட்டுவிடுவேன், அதைத்தான் அவர்களும் எதிர்பார்க்கிறார்கள்.

எங்கள் கணினி அறிவியல் துறைக்கு ஒரு உதவிப் பேராசிரியர் தேவை. அதுவும் சிஸ்டம்ஸ் பக்கம், ஆப்பரேட்டிங் சிஸ்டம், கம்பைலர் எல்லாம் நடத்தக்கூடிய ஆள். விளம்பரம் போட்டால் வந்து குவிவதெல்லாம் மெஷின் லேர்னிங் விண்ணப்பங்கள்தான். தப்பித்தவறி ஒரு சிஸ்டம்ஸ் ஆள் சிக்கினாலும் கம்பெனிக்காரர்கள் பல மடங்கு சம்பளம் சொல்லித் தூக்கிவிடுகிறார்கள். அந்த நேரத்தில்தான் இந்தத் தளம் கண்ணில் பட்டது. பெயர் சொல்லப்போவதில்லை. வெறும் விளம்பரம் இல்லை, ஆளைச் சலித்து, பரிந்துரைக் கடிதம் வரை சரிபார்த்துத் தருகிறோம் என்று சொல்கிற வகை. கட்டணம் 2,400 டாலர், முழுவதும் முன்பணம்.

வீடியோ அழைப்பில் வந்தவர் எடுத்த எடுப்பிலேயே, "மெஷின் லேர்னிங் ஆட்கள் வண்டி வண்டியாக வந்திருப்பார்கள், உங்களுக்கு வேண்டியவர் ஒருத்தர்கூட இருக்க மாட்டார், சரிதானே?" என்றார். எங்கள் வயிற்றெரிச்சலை அப்படியே சொல்கிறாரே என்று தேர்வுக் குழுவில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். ஓ.எஸ்.டி.ஐ., எஸ்.ஓ.எஸ்.பி. என்று மாநாட்டுப் பெயர்கள் சரளமாக விழுந்தன. ஒரு மாதிரிக் கோப்பும் காட்டினார்: கட்டுரைப் பட்டியல், மூன்று பரிந்துரைக் கடிதங்கள், எந்தெந்தப் பாடம் நடத்தியிருக்கிறார், எப்போது சேர முடியும், எல்லாம் அவ்வளவு நேர்த்தி. அன்றைக்கே 2,400 டாலர் கிளம்பிப் போனது.

வந்தது ஐந்து பிடிஎஃப். முதல் பெயருக்கு உரியவருக்கு நாங்களே மின்னஞ்சல் போட்டோம். "நான் எங்கேயும் விண்ணப்பிக்கவில்லை, போன வருடமே வேறு பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டேன், என் சிவி உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?" என்று பதில். அவருடைய சொந்த வலைப்பக்கத்திலிருந்து உருவியிருக்கிறார்கள்! மன்னிப்புக் கேட்கவேண்டியதாகிவிட்டது, அதுவும் எங்கள் தலையில். இன்னொருவர் 2018 எஸ்.ஓ.எஸ்.பி.யில் கட்டுரை போட்டதாக எழுதியிருந்தார். அந்த மாநாடு அப்போதெல்லாம் ஒற்றைப்படை ஆண்டுகளில்தான் நடக்கும், 2017 உண்டு, 2019 உண்டு, 2018 கிடையவே கிடையாது. கணினித் துறைக் கட்டுரைகளைப் பட்டியலிடும் டி.பி.எல்.பி. தளத்தில் தேடினால் அப்படியொரு பெயரே இல்லை. வேறொருவருக்கு வந்த இரண்டு பரிந்துரைக் கடிதங்களில் பேராசிரியர்கள் வேறு வேறு, எழுத்துப்பிழை மட்டும் ஒன்று, இரண்டுமே ஜிமெயில் முகவரி. சரிபார்த்தோம் என்றார்களே, எதைச் சரிபார்த்தார்கள்?

கேட்டோம். அழைப்பில் பேசியவர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். அப்புறம் வேறு பெயரில் ஒருவர், பட்டியல் அனுப்பியாயிற்று, சேவை முடிந்தது என்றார். ஒப்பந்தத்தில் 'சரிபார்ப்பு' என்றால் மின்னஞ்சல் முகவரி வேலை செய்கிறதா என்று பார்ப்பது மட்டும்தானாம். இதற்கு 2,400 டாலர்! அடுத்த விளம்பரத்துக்குத் தள்ளுபடி தருகிறோம் என்று வேறு ஒரு மின்னஞ்சல். கடைசியில் எங்கள் புகாருக்கு எதிரே 'தீர்க்கப்பட்டது' என்று போட்டு மூடிவிட்டார்கள்.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் பருவம் போனது. இந்தத் துறையில் வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் டிசம்பரையொட்டி விண்ணப்பத்தை மூடி, பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் நேர்காணலை முடித்துவிடும், நல்ல ஆட்கள் அதற்குள் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். நாங்கள் அந்த மாதங்களை இந்த ஐந்து பிடிஎஃப்களோடு கழித்தோம்.

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. முழு முன்பணம் கேட்டால் ஓடிவிடுங்கள். பரிந்துரைக் கடிதம், அதை எழுதியவரிடமிருந்தே, அவருடைய பல்கலைக்கழக முகவரியிலிருந்து, நேராக உங்களுக்கு வரவேண்டும், இடையில் யாரும் கூடாது. கட்டுரைப் பட்டியலை டி.பி.எல்.பி.யில் ஒருமுறை தட்டிப்பாருங்கள், சில நிமிட வேலை. விளம்பரத்தை ஏ.சி.எம்., கம்ப்யூட்டிங் ரிசர்ச் அசோசியேஷன் மாதிரி கணினித் துறை அமைப்புகளின் வேலைப் பக்கங்களில் நேரடியாகப் போடுங்கள். கார்டில் கட்டியிருந்தால் தாமதிக்காமல் வங்கியில் புகார் கொடுங்கள். நாங்கள் கொடுத்திருக்கிறோம். அதற்கு அந்தத் தளம் சேவை வழங்கப்பட்டதற்கு ஆதாரம் என்று அதே ஐந்து பிடிஎஃப்களை வங்கிக்கு அனுப்பியிருக்கிறது, 2018 கட்டுரைக்காரர் உட்பட.